ஆண்டு விழாவை ஏப்ரல் 15-க்கு அப்புறம் வைக்க முடியுமா? காசிமேடு, தண்டையார்பேட்டைப் பெற்றோர்கள் சொல்லுங்கள்

காசிமேடு அம்மா
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் நான்காம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. காசிமேட்டுப் பக்கம் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். இந்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆண்டு விழாப் பேச்சு வந்தது. மார்ச் கடைசி வாரம், காலை 10 மணிக்கு வைக்கலாம், டான்ஸ் டிரஸ் வாடகைக்கும் மைக் செட்டுக்கும் சேர்த்துப் பிள்ளைக்கு 300 ரூபாய் வாங்கலாம் என்றார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து மனது அதிலேயே கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் ஆளாகப் போகிறார். போனால் எட்டு நாள், சில சமயம் பத்து நாளுக்கு மேல். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து மேடை ஏறுகிறாள். அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போன வருடம் விழா முடிந்து ஐந்தாம் நாள்தான் கரைக்கு வந்தார். சாயங்காலம் மகள் சார்ட் பேப்பர் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். ஜிகினா பாதி உதிர்ந்திருந்தது. எங்கள் வாசல் நாலடி அகலம்தான். தெருவிளக்கு வெளிச்சத்தில், பாட்டு இல்லாமல், வாயாலேயே தாளம் போட்டு முழு டான்ஸையும் ஆடிக் காட்டினாள். நடுவில் நிறுத்தி, "இங்க பக்கத்துல இன்னும் மூணு பேர் நிப்பாங்கப்பா" என்று கையைக் காட்டினாள். அவர் அந்த வெறும் இடத்தையும் ஒரு தடவை பார்த்துத் தலையாட்டினார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். எங்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் அப்பாக்கள் அந்த 61 நாளும் ஊரில்தான் இருப்பார்கள். வருடம் பூராவும் கிடைக்காத கூட்டம் அப்போது தானாகக் கிடைக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் விழா வைப்பது எதற்கு? ஏப்ரல் 15 தாண்டி, சாயங்காலத்தில், காசு வாங்காமல் நடத்த முடியாதா? உங்கள் பள்ளிகளில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

தண்டையார்பேட்டை டீச்சர்
ஞாயிறு, இரவு 10.25

நான் வேறொரு பள்ளியில் ஆசிரியை. நல்ல யோசனை அம்மா. ஆனால் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்றாம் பருவத் தேர்வு அட்டவணை துறையிலிருந்து வரும். அதில் பள்ளிக்குக் கை கிடையாது. 2025-இல் வெயில் அதிகம் என்று 1 முதல் 5 வகுப்புகளுக்குத் தேர்வை முன்னால் கொண்டுவந்து ஏப்ரல் 7 முதல் 17 வரை வைத்தார்கள். இந்த வருடமும் அதேபோல் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். தேர்வின் கடைசி நாள் சாயங்காலத்தைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் தலையில் பாரம் இருக்காது. அந்த வாரம் புனித வெள்ளி வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள், உங்கள் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம்.

ஆசிரியர்கள் பக்கமும் சொல்கிறேன். பருவக் கடைசியில் விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்ணை எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவேட்டில் ஏற்றி, ஐந்தாம் வகுப்புக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதி, புதுச் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போய் வருவோம். அதனால்தான் பல பள்ளிகளில் விழாவை மார்ச்சிலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள். பெற்றோர்கள் நாலு பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னால் எச்.எம். டீச்சர் மனது இளகும்.

காசு விஷயத்தில் தயங்காமல் பேசுங்கள். 2024-25-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்தச் சொல்லி அரசே பணம் ஒதுக்கியது. இந்த வருடம் உங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது என்று கூட்டத்தில் கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நீங்கள் கேட்கவேண்டும் என்றுதான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

கல்மண்டபம் அண்ணன்
திங்கள், காலை 7.10

தங்கச்சி, தேதி சரி. காசு வாங்கக்கூடாது என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் தெருவில் மெட்ரிக் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு என்ன பளபளப்பாகப் போகிறார்கள் என்று என் மகன் வாசலில் நின்று பார்க்கிறான். நம் பிள்ளைகளுக்கும் வருடத்தில் ஒரு நாள் அந்த ஆசை இருக்காதா? 300 ரூபாயை எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடலாம். மாநகராட்சிப் பள்ளி என்றால் இவ்வளவுதான் என்று யாரும் பேசிவிடக்கூடாது. எனக்கு அதுதான் வலிக்கும்.

காசிமேடு அம்மா
திங்கள், மதியம் 2.05

அண்ணா, உங்கள் வலி எனக்கும் உண்டு. ஆனால் என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு 600. விழா முடிந்ததும் தடைக்காலம். அரசு கொடுக்கிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். மார்ச்சில் சம்பாதிப்பதில் மிச்சம் பிடித்து வைத்தால்தான் மே மாதம் அடுப்பு எரியும். அந்த மார்ச்சில் கேட்கிற 600-தான் உதைக்கிறது.

போன வருடம் வாடகைக்கு டிரஸ் எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கடை எது என்று வேண்டாம். பிள்ளைக்கு 250 வாங்கிக்கொண்டு, வியர்வை நாற்றம் போகாத, இடுப்பில் குண்டூசி குத்திய பாவாடையைக் கொடுத்தார்கள். என் மகள் இடுப்பில் கீறல். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் அம்மா காசு கட்ட முடியாமல், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. மத்தியானம் அந்தப் பாப்பா என் மகளிடம் வந்து கிரீடத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த வசூலே வேண்டாம் என்று ஆகிவிட்டது அண்ணா.

கல்மண்டபம் அண்ணன்
திங்கள், மதியம் 2.30

சரிம்மா. இது எனக்குத் தெரியாது. வசூல் வேண்டாம்.

பழைய வண்ணை மாணவன்
திங்கள், இரவு 11.00

நான் இந்தப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இப்போது வேலை வேறு ஊரில். என் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். அப்போதெல்லாம் தடை 45 நாள், 2017-இல்தான் 61 ஆனது. தடைக்காலத்தில் அப்பா வலை பின்ன உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. கண்ணிகளை எண்ணச் சொல்வார். இரண்டு இரண்டாக, ஐந்து ஐந்தாக. வாய்ப்பாடு எனக்கு அங்கேதான் படிந்தது. பள்ளியில் அவரை யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கையெழுத்துப் போட அம்மாதான் போவார். அக்கா எழுதியதைப் படித்ததும் அது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

விழாவில் விளையாட்டுக்கும் இடம் கொடுங்கள். கேரமும் குத்துச்சண்டையும் நம் தெருக்களின் சொத்து. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரமில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். நம் தெருவிலேயே இருந்து போன பெண். அவர் படத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டி, கீழே ஒரு போர்டைப் போட்டுப் பிள்ளைகளை விளையாட விடுங்கள். அதற்கு டிரஸ் வாடகை தேவையில்லை. இரண்டு போர்டு நான் வாங்கி அனுப்புகிறேன்.

அப்புறம் கானா. நம் பிள்ளைகள் நம் பாட்டைப் பாடட்டும்.

திருவொற்றியூர் அப்பா
செவ்வாய், காலை 6.50

கேரம் சரி தம்பி. கானா வேண்டாம் என்பது என் எண்ணம். எனக்குப் பாட்டின்மேல் வெறுப்பு இல்லை, சாவு வீட்டிலும் கச்சேரியிலும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் ஏழு வயதுப் பெண் பிள்ளையை மேடையில் ஏற்றிச் சினிமாக் குத்துப்பாட்டுக்கு இடுப்பை ஆட்டச் சொல்கிறார்கள், பெரியவர்கள் விசில் அடிக்கிறார்கள். போன வருடம் ஒரு பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு என் மகளைப் பாதியிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வட சென்னை என்றாலே அடிதடியும் குத்தாட்டமும்தான் என்று வெளியில் நினைக்கிறார்கள். நாமும் அதையே மேடையில் ஏற்றினால் எப்படி?

தண்டையார்பேட்டை டீச்சர்
செவ்வாய், இரவு 8.15

சார், நீங்கள் சொல்வதும் கானாவும் ஒன்று இல்லை. குத்துப்பாட்டு டான்ஸை எங்கள் பள்ளியில் நாங்களே நிறுத்திவிட்டோம். ஆனால் கானாவை வகுப்பில் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், ஏழாம் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு தடவையும் 7 x 6-இல் நிற்பான். ஒரு நாள் டெஸ்க்கில் தட்டிக்கொண்டே பக்கத்துப் பையனுக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தான். அதே மெட்டில் ஏழாம் வாய்ப்பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் எழுபது வரைக்கும் போய்விட்டான். இப்போது வகுப்பே அதைப் பாடுகிறது. எண்ணும் எழுத்தும் என்கிற அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்ட வகுப்புகளில் பாட்டும் ஆட்டமும் கற்பிக்கிற வழிதான். அரும்பு என்கிற முதல் கற்றல் நிலையில் இருக்கிற பிள்ளையை அடுத்த நிலைகளான மொட்டுக்கும் மலருக்கும் நகர்த்த எது உதவினாலும் எடுத்துக்கொள்வோம்.

வார்த்தையைப் பெரியவர்கள் பார்த்துக் கொடுத்தால் போதும். கடலைப் பற்றி, துறைமுகத்தைப் பற்றி, ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிப் பிள்ளைகளே கட்டிப் பாடட்டும். 1856-இல் திறந்த நிலையம் அது. நாட்டில் இன்றும் நிற்கிற பழைய ரயில் நிலையக் கட்டடம் நம் ஊரில் இருப்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

திருவொற்றியூர் அப்பா
செவ்வாய், இரவு 9.00

வாய்ப்பாட்டுக் கானா என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன் டீச்சர்.

புதுவண்ணை அம்மா
புதன், மதியம் 12.20

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று வீட்டில் தினமும் பேச்சு. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் நன்றாக வரும் என்கிறார்கள். டி.சி. எப்போது கொடுப்பார்கள்?

தண்டையார்பேட்டை டீச்சர்
புதன், மாலை 6.40

டி.சி. தேர்வு முடிந்ததும் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பின்னால் திருத்த அலைய வேண்டாம். எமிஸ் எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எங்கே சேர்ப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் இந்த ஆறாம் வகுப்பு முடிவு கல்லூரி வரைக்கும் போகும் என்பது பல அம்மாக்களுக்குத் தெரிவதில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். நடுவில் ஒன்றிரண்டு வருடம் தனியாருக்குப் போய்விட்டு ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வருகிறவர்களைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். இங்கிலீஷுக்கும் வழி உண்டு. நம் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்பு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

எண்ணூர் அக்கா
புதன், இரவு 10.50

எல்லாரும் விழாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அதற்கு அடுத்த நாளை நினைத்தால்தான் பயம். இப்போது என் இரண்டு பேரும் காலையில் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். புதன்கிழமை பொங்கல் என்றால் எட்டு மணிக்கு முன்னாலேயே ஓடிவிடுவார்கள். மதியம் முட்டையோடு சாப்பாடு. லீவு விட்ட அன்றைக்கு இரண்டு வேளையும் நின்றுபோகும். அதே வாரம் கடல் வருமானமும் நின்றுபோகும். ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும், படகு போக ஜூன் 15 ஆகும். நடுவில் இருக்கிற நாட்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பழைய வண்ணை மாணவன்
வியாழன், காலை 5.30

அக்கா, ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது நம் ஊர் தொடங்கிய வேலை. 1920-இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தார்கள். வண்ணாரப்பேட்டையில் கல்லூரி நிற்பது அவர் பெயரில்தான். 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு என்று அது வளர்ந்திருக்கிறது. வறட்சி அறிவித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லியிருக்கிறது. மழை பொய்த்தால் வறட்சி. கடல் மூடினால் எங்களுக்கு அதுவும் வறட்சிதான். தடைக்காலத்தில் கடலோரப் பள்ளிகளில் மட்டுமாவது உணவு தொடரவேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். எழுதித்தர நான் இருக்கிறேன்.

காசிமேடு அம்மா
வியாழன், இரவு 9.15

தம்பி, தீர்மானத்தை எழுதி அனுப்புங்கள். வருகிற கூட்டத்தில் நானே வாசிக்கிறேன். எண்ணூர் அக்கா, இதை இவ்வளவு நாள் யோசிக்காமல் இருந்ததற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காசிமேடு அம்மா
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.30

கூட்டம் முடிந்தது. எச்.எம். டீச்சர் முதலில் யோசித்தார். மேடை, நாற்காலி, தண்ணீர், பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிடுவது எல்லாம் பெற்றோர் பொறுப்பு என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் சரி என்றுவிட்டார். தேர்வின் கடைசி நாள், சாயங்காலம் 5.30. வசூல் இல்லை. வெள்ளைச் சட்டை, மேலே அம்மாவின் பழைய புடவையில் வெட்டிய துண்டு, அதுதான் எல்லாருக்கும் டிரஸ். உணவுத் தீர்மானமும் நிறைவேறியது. மேலே போயிருக்கிறது.

காசிமேடு அம்மா
விழா முடிந்த மறுநாள், காலை 10.00

நடந்ததை எழுதிவிடுகிறேன், வராதவர்களுக்காக.

மேடைக்குப் பின்னால் கட்டத் துணி இல்லை. மத்தியானம் அப்பாக்கள் ஆறேழு பேர் ஒரு பழைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிழிந்த இடங்களை அங்கேயே தரையில் உட்கார்ந்து ஊசியால் முடிந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்தார்கள். பிள்ளைகள் வெட்டிய சார்ட் பேப்பர் மீன்களை அந்த வலையில் மாட்டினோம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று ஒவ்வொன்றிலும் பெயர். வஞ்சிரத்துக்குச் செவுள் தப்பாக வரைந்திருப்பதாக ஒரு அப்பா சொல்லி, பென்சில் வாங்கித் திருத்தினார்.

மீன் விற்கப் போகிற அம்மாக்கள் கூடையைக் கழுவி வைத்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். காலையில் வைத்திருந்தால் அவர்களில் ஒருவர்கூட வந்திருக்க முடியாது. அப்பாக்கள் முதலில் கேட்டுக்கு வெளியேவே நின்றார்கள். எச்.எம். டீச்சர் போய், "உள்ளே வாங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்று கையைப் பிடித்துக் கூப்பிடாத குறையாகக் கூப்பிட்டார்.

இரண்டாம் வகுப்புக்கு வாசிப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை எழுதி எடுத்து வந்து படிக்கவேண்டும். என் மகன் அரும்பு நிலையிலேயே ரொம்ப நாள் நின்றவன். அவன் எடுத்து வந்தது துறைமுகத்தில் நிற்கிற படகுகளின் பெயர்ப் பட்டியல். தடை ஆரம்பித்ததிலிருந்து இரண்டு சாயங்காலம் அப்பாவோடு போய்ப் பார்த்துப் பார்த்து எழுதியது. பதினோரு பெயர். எழுத்துக் கூட்டித்தான் படித்தான். ஒவ்வொரு பெயர் வரும்போதும் நாற்காலியில் யாராவது ஒரு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருடைய படகு அது. ஒன்பதாவது பெயரில் தடுமாறி நின்றான். அந்தப் படகுக்காரர் வாயெடுக்கப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டி நிறுத்தினார். அவனே படித்தான்.

மகளின் டான்ஸும் நடந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த மூணு பேரும் யாருன்னு இப்பதான் தெரிஞ்சிச்சு."

உணவுத் தீர்மானத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதுவரை சும்மா இருக்கவேண்டாம் என்று, திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் எங்கள் தெரு மண்டபத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டலாம் என்று பேசியிருக்கிறோம். தம்பி அனுப்பிய இரண்டு கேரம் போர்டு, பள்ளியில் கேட்டு வாங்கிய பழைய ஊஞ்சல் சிறுவர் இதழ்கள், வலை முடியக் கற்றுக்கொடுக்க அப்பாக்கள். ஏதாவது சாப்பிடவும் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் இன்னும் வழி பார்க்கவில்லை.

கல்மண்டபம் அண்ணன்
மறுநாள், காலை 10.40

விழாவுக்கு வந்திருந்தேன் தங்கச்சி. பளபளப்பு ஒன்றும் குறையவில்லை. அந்த வலையைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடமும் அதுவே வேண்டும். சாப்பாட்டுக்கு: நம் கடையிலிருந்து வாரம் பத்துக் கிலோ கொண்டைக்கடலை என் பொறுப்பு, ஜூன் 14 வரை. முதல் மூட்டை நாளைக்கே வந்துவிடும். ராத்திரி ஊறவைக்கப் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

எண்ணூர் அக்கா
மறுநாள், காலை 11.05

அண்டா என்னிடம் இருக்கிறது அண்ணா. ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஊறவைப்பதும் என் வேலை.